காலை ஏழு மணி லாபி: டோக்கியோவுக்குக் குழந்தைகளை அழைத்துப் போகும் சுற்றுலா நிறுவனத்தாருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள சுற்றுலா ஏற்பாட்டாளர்களுக்கு,

வணக்கம்.

போன மே மாதம் உங்களில் ஒருவரோடு டோக்கியோ போய் வந்தோம். நான், என் கணவர், ஐந்து வயது மகன், இரண்டு வயது மகள். ஐந்து இரவு, ஆறு பகல். யாரோடு போனோம் என்று இங்கே எழுதப்போவதில்லை. ஊர் திரும்பியபிறகு வேறு சிலருடைய டோக்கியோ அட்டவணைகளையும் வாங்கிப் பார்த்தேன். தேதியையும் தலைப்பையும் மாற்றிவிட்டால் எல்லாம் ஒன்றுதான். அதனால் உங்கள் எல்லோருக்கும் பொதுவாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த இரண்டாம் நாள் காலையைச் சொல்லிவிடுகிறேன். ஏழு மணிக்கு லாபியில் இருக்க வேண்டும் என்று முந்தைய இரவே வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்துவிட்டது. ஆறு மணிக்கு மகளை எழுப்பினேன். கண்ணைத் திறக்கவே இல்லை. தூக்கத்திலேயே டயப்பர் மாற்றி, தூக்கத்திலேயே கவுன் போட்டு, தோளில் சாய்த்துக்கொண்டு லிஃப்டில் இறங்கினேன். மகன் நடந்துதான் வந்தான். பஸ் கிளம்பிப் பத்து நிமிடம் கழித்துத்தான் பார்த்தோம், அவனுக்கு ஒரு காலில் ஷூ, இன்னொரு காலில் ஓட்டல் அறைச் செருப்பு. மற்ற ஷூ கட்டிலுக்கடியில் எங்கேயோ கிடந்திருக்கும். அன்று முழுக்க அந்தக் கோலத்தில்தான் டோக்கியோவைச் சுற்றினான்.

ஜப்பானின் நேரம் நம்முடையதைவிட மூன்றரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. அங்கே காலை ஏழு என்றால், முந்தைய நாள்தான் வந்து இறங்கிய ஒரு குழந்தையின் உடம்புக்கு விடியற்காலை மூன்றரை. நம் ஊரில் மூன்றரை மணிக்கு ஒரு குழந்தையை எழுப்பி பஸ்ஸில் ஏற்றினால் வீட்டுப் பெரியவர்கள் என்ன சொல்வார்கள்? அதேபோல, நீங்கள் எங்களை அறைக்குக் கொண்டுவந்து விட்ட இரவு ஒன்பது மணி அவர்களுக்கு மாலை ஐந்தரை. விளையாடுகிற நேரம். இரண்டு பேரும் கட்டில் மேல் குதித்துக்கொண்டிருந்தார்கள், நாங்கள் இரண்டு பேரும் சுருண்டு கிடந்தோம். இந்தக் கணக்கு உங்களுக்குத் தெரியாததில்லை. வருஷத்துக்கு எத்தனை குழு அனுப்புகிறீர்கள்! ஆனாலும் அட்டவணையில் ஏழு மணி ஏழு மணியாகவே இருக்கிறது.

உங்கள் விளம்பரத் தாளை இப்போது மறுபடி எடுத்து வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். அட்டைப்படத்தில் ஒரு குழந்தை ஐஸ்கிரீம் சாப்பிடுகிறது. அப்புறம் கடைசிப் பக்கத்துக் கட்டணப் பட்டியலில் 'சைல்ட் வித் பெட்', 'சைல்ட் வித்தவுட் பெட்' என்று இரண்டு வரி. நடுவில் உள்ள ஆறு நாள் நிரலில் குழந்தை என்ற சொல்லே கிடையாது. தூங்கும் நேரம் கிடையாது, மணலில் உட்காரும் நேரம் கிடையாது, 'எனக்கு இங்கேயே இருக்கணும்' என்று அடம்பிடிக்கும் நேரம் கிடையாது. காசு வாங்கும் இடத்தில் மட்டும் குழந்தை இருக்கிறது.

அந்த இரண்டாம் நாள் ஒரு திங்கட்கிழமை. அசகுசாவில் சென்சோஜி கோயில், ஸ்கைட்ரீ, உவேனோ மிருகக்காட்சிசாலை, அகிஹபாரா, அரண்மனை வாசலில் ஒரு 'ஃபோட்டோ ஸ்டாப்', ஷிபுயா நாற்சந்தி. ஒரே நாளில் ஆறு இடம். எங்கள் மகன் இதில் காத்திருந்தது மிருகக்காட்சிசாலைக்கு மட்டும்தான். 1882இல் தொடங்கியது, ஜப்பானிலேயே பழையது, யானை இருக்கும், நீர்யானை இருக்கும் என்று ஒரு மாதமாக அவனுக்குச் சொல்லிச் சொல்லி வைத்திருந்தோம். போய் இறங்கினால் கேட் சாத்தியிருக்கிறது. திங்கட்கிழமை விடுமுறை. வழக்கமாகவே திங்கட்கிழமை விடுமுறைதான், திங்கள் அரசு விடுமுறையாக அமைந்தால் அடுத்த நாள் மூடுவார்கள். ஒன்றும் ரகசியம் இல்லை. உங்கள் டூர் மேனேஜர் தம்பி, பாவம், கேட்டுக்கு முன்னால் எல்லோரையும் நிற்க வைத்துப் படம் எடுத்தார். "தம்பி, உள்ள யானை தூங்குது" என்று என் மகனிடம் சொன்னார். "கேட்டைத் தட்டுங்க, எழுந்துக்கும்" என்றான் அவன். காலையில் அவனை அப்படித்தானே எழுப்பினோம்.

இன்னொன்று. அந்த மிருகக்காட்சிசாலையில் பெரியவர்களுக்கு 600 யென். தொடக்கப்பள்ளி முடிக்காத பிள்ளைகளுக்குக் கட்டணமே இல்லை. அதே நாளில் நாங்கள் ஸ்கைட்ரீ மேலே ஏறினோம். 634 மீட்டர் கோபுரம், 350 மீட்டரில் பார்வையாளர் தளம். குழந்தைகள் அங்கே என்ன செய்தார்கள் தெரியுமா? கண்ணாடிக்குக் கீழே இருந்த கம்பியில் தொங்கினார்கள். அவ்வளவு உயரத்திலிருந்து பார்த்தால் வீடும் தெரியாது, ரயிலும் தெரியாது, சாம்பல் நிறத்தில் பொடிப்பொடியாக ஏதோ தெரியும். ஐந்து வயதுக்கு அது ஒரு காட்சியே இல்லை.

மூன்றாம் நாள் ஃபூஜி மலை. நிரலிலேயே பெரிய எழுத்தில் போட்டிருந்தது அதுதான். டோக்கியோவிலிருந்து சுமார் நூறு கிலோமீட்டர். போக இரண்டு மணி நேரத்துக்கு மேல், வர அதைவிட அதிகம். மேலே வளைந்து வளைந்து போகும் பாதையில் 2,305 மீட்டரில் உள்ள ஐந்தாம் நிலை வரை பஸ் போகும். மேகம் மூடிவிட்டால் மலையடிவாரத்தில் நின்றாலும் மலை தெரியாது; கோடையை நோக்கிப் போகப் போக மேகம்தான் அதிகம். முந்தைய நாள் பஸ்ஸிலேயே மகள் இரண்டு முறை வாந்தி எடுத்திருந்தாள். நான் கீழே போய் டூர் மேனேஜரிடம் சொன்னேன்.

"நாங்க இன்னைக்கு வரல தம்பி."

"மேடம், காசு திரும்ப வராது மேடம்."

"வேண்டாம்."

"மதியச் சாப்பாடும் அதுலயே இருக்கு மேடம்."

"நீங்க சாப்பிடுங்க."

பஸ் போய்விட்டது. அன்றைக்குக் குழந்தைகள் ஒன்பதரை மணி வரை தூங்கினார்கள்.

சரி, அதற்கப்புறம் என்ன செய்தோம் என்று சொல்கிறேன். இந்த மடலை எழுதத் தூண்டியதே அந்த நாள்தான். எங்கள் ஓட்டல் உவேனோ பக்கம். உவேனோவிலிருந்து யமனோதே ரயிலில் இரண்டாவது நிறுத்தம் நிப்போரி. அங்கே வடக்கு வாசலில் டிக்கெட் கேட்டைத் தாண்டியதுமே தண்டவாளங்களுக்கு மேலாக ஒரு பாலம் வரும். ஷிமோகோயின்தென் பாலம் என்று பெயர். பாலத்தின் ஓரத்தில், ரயில் வேடிக்கை பார்ப்பதற்கென்றே பால்கனி மாதிரி ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். எந்த ரயிலுக்கு என்ன பெயர் என்று பலகையும் வைத்திருக்கிறார்கள். கீழே பத்துக்கும் மேற்பட்ட தண்டவாளங்கள். யமனோதே, கெய்ஹின் தொஹோகு, ஜோபன் என்று உள்ளூர் ரயில்கள், நரிதா விமான நிலையத்துக்குப் போகும் கெய்செய் ரயில்கள், எல்லாவற்றுக்கும் மேல் ஷின்கான்சென். உவேனோவில் பூமிக்கு அடியில் ஓடும் புல்லட் ரயில் நிப்போரி பக்கம்தான் வெளிச்சத்துக்கு வருகிறது.

மகன் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றான். பச்சை நிற ஹயபுசாவும் சிவப்பு நிற கொமாச்சியும் மூக்கோடு மூக்கு ஒட்டிக்கொண்டு ஒரே ரயிலாக வந்தபோது, "அம்மா, ரெண்டு ரயில் முத்தம் குடுத்துக்கிட்டே போகுது" என்று கத்தினான். பக்கத்தில் ஒரு ஜப்பானியப் பாட்டியும் அவருடைய பேரனும் நின்றிருந்தார்கள். அந்தப் பையனுக்கும் நாலு, ஐந்து வயதுதான் இருக்கும். இவன் தமிழில் கத்த, அவன் ஜப்பானியத்தில் கத்த, அடுத்த ரயில் எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்பதில் இரண்டு பேருக்கும் போட்டி. மகள் தரையில் உட்கார்ந்து, தடுப்பின் இடுக்கில் கிடந்த காய்ந்த இலைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி என் கையில் கொடுத்துக்கொண்டிருந்தாள். அது அவளுடைய டோக்கியோ.

இரண்டு மணி நேரம் அங்கேயே இருந்தோம். செலவு, எங்கள் இரண்டு பேருக்கான ரயில் டிக்கெட். ஆறு வயதாகாத குழந்தைகள் ஜப்பானிய ரயில்களில் பெரியவரோடு வந்தால் இலவசம், ஒருவருக்கு இரண்டு குழந்தை வரை. பள்ளியில் சேர்ந்த ஆறு முதல் பதினொரு வயது வரை அரைக் கட்டணம். கட்டணமே வாங்காத குழந்தைக்கு இந்த ஊர் எவ்வளவு யோசித்திருக்கிறது என்பதை பஸ்ஸை விட்டு இறங்கியபிறகுதான் பார்த்தோம். 2023 மார்ச்சில் டோக்கியோவின் மெட்ரோவும் ஜேஆர் என்ற பெரிய ரயில் நிறுவனமும் ஒவ்வொரு டிக்கெட்டிலும் பத்து யென் கூட்டினார்கள். லிஃப்ட், சாய்வுதளம், நடைமேடைத் தடுப்புக் கதவு ஆகியவற்றுக்கென்றே வசூலிக்கும் பத்து யென் அது. குழந்தை வண்டியை மடிக்காமல் ரயிலுக்குள் தள்ளிக்கொண்டு வரலாம் என்று 2014இலேயே அரசாங்கம் சொல்லி, அதற்கு ஒரு தனிச் சின்னமும் வெளியிட்டது. ரயில் பெட்டிகளில் அந்தச் சின்னம் ஒட்டிய இடத்தில் வண்டியை நிறுத்திக்கொள்ளலாம்.

எல்லாமே சொகுசு என்று நான் சொல்லவில்லை. காலை ஏழரையிலிருந்து ஒன்பது வரை அந்த ரயில்களில் பெரியவர்களே நசுங்குகிறார்கள், குழந்தை வண்டியோடு அந்த நேரத்தில் ஏறுவது பைத்தியக்காரத்தனம். (பெண்களுக்கு மட்டுமான பெட்டியில் தொடக்கப்பள்ளிப் பையன்கள் வரைக்கும் ஏறலாம், அது ஓரளவு ஆறுதல்.) ஜப்பானியர் எல்லோரும் குழந்தையைப் பார்த்ததும் புன்னகையோடு எழுந்து இடம் கொடுப்பார்கள் என்றும் எதிர்பார்க்காதீர்கள். பாதிப் பேர் தூங்குகிறார்கள், மீதிப் பேர் போனில் இருக்கிறார்கள். ஆனால் மகள் அழுதபோது யாரும் முறைக்கவும் இல்லை.

ஒரு ராத்திரி ஷின்ஜுகு நிலையத்தில் லிஃப்டைத் தேடி இருபத்தைந்து நிமிடம் அலைந்தோம். இருநூறுக்கும் மேற்பட்ட வாசல்கள் உள்ள நிலையம் அது. நடைமேடைகளில் மாட்டியிருக்கும் ஒரு பலகையைப் பிறகு கண்டுபிடித்தோம்: எத்தனையாவது பெட்டியில் ஏறினால் இறங்கும் நிலையத்தில் லிஃப்டுக்கு நேர் எதிரே இறங்கலாம் என்று அதில் போட்டிருக்கிறது. இதை உங்கள் டூர் மேனேஜர் ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். ஷிபுயாவில் எந்தக் கடையில் காந்தத்தில் ஒட்டும் பொம்மை மலிவு என்று அரை மணி நேரம் சொன்னார்.

ஷின்ஜுகுவுக்கு ஏன் ராத்திரி போனோம் என்றால், குழந்தைகள்தான் தூங்கவில்லையே. அங்கே டோக்கியோ பெருநகர அரசின் தலைமை அலுவலகக் கட்டடம் இருக்கிறது. கென்ஸோ தாங்கே வடிவமைத்த இரட்டைக் கோபுரம். 45ஆவது மாடியில், 202 மீட்டர் உயரத்தில், பார்வையாளர் தளம். கட்டணம் கிடையாது, இரவிலும் திறந்திருக்கிறது. பகலில் குழந்தைகளுக்குப் பொடியாகத் தெரிந்த ஊர் ராத்திரியில் விளக்கு விளக்காக எரிந்தது. "அம்மா, தீபாவளி முடிஞ்சும் யாரும் அணைக்கல" என்றான் மகன். அவர்களுடைய உடம்புக்கு அது மாலை நேரம், நல்ல குஷியில் இருந்தார்கள். நேர வித்தியாசத்தை இப்படியும் பயன்படுத்தலாம். காலையைத் தாமதமாகத் தொடங்குங்கள், மதியம் ஒரு தூக்கம் விடுங்கள், ராத்திரி ஒரு இடம் காட்டுங்கள். முதல் மூன்று நாளைக்காவது.

சாப்பாட்டுக்கு வருகிறேன். தினமும் மதியம் ஓர் இந்திய உணவகத்தில் பஃபே போட்டீர்கள். நன்றி, உண்மையாகவே நன்றி. சைவக்காரர்களுக்கு டோக்கியோ சுலபமான ஊர் இல்லை. பார்க்க வெறும் காய்கறியும் உதோன் நூடுல்ஸுமாக இருக்கும் கிண்ணத்திலும் அடியில் காய்ந்த மீன் சீவலில் எடுத்த தஷி சாறு இருக்கும். மிசோ சூப்பிலும் அதே கதை. ஆனால் அந்தப் பஃபேக்குப் போய்ச் சேர ஒரு மணி நேரம், வரிசையில் அரை மணி நேரம், தட்டில் விழுந்ததோ பனீர் பட்டர் மசாலா. இரண்டு வயதுக் குழந்தை இரண்டு மணிக்குப் பனீர் பட்டர் மசாலாவை என்ன செய்யும்? என் சட்டையில் தேய்த்தது.

ஃபூஜிக்குப் போகாத அன்று, நிலையத்துக்குப் பக்கத்திலிருந்த ஒரு கன்வீனியன்ஸ் ஸ்டோரில் நுழைந்தோம். தெருவுக்குத் தெரு உண்டு, இருபத்து நான்கு மணி நேரமும் திறந்திருக்கும். அங்கே உள்ளே ஒன்றும் வைக்காமல் வெறும் உப்பு மட்டும் சேர்த்து உருட்டிய சோற்றுருண்டை விற்கிறார்கள், ஷியோ முசுபி என்று பெயர். சர்க்கரை போடாத தயிர் டப்பாவும் இருக்கிறது. எதிரே ஒரு சின்னப் பூங்கா: ஊஞ்சல், சறுக்குமரம், மணல் தொட்டி, தண்ணீர்க் குழாய், ஒரு கழிப்பறை. பெஞ்சில் உட்கார்ந்து காகிதக் கிண்ணத்தில் சோற்றுருண்டையை உடைத்துத் தயிரை ஊற்றிப் பிசைந்தேன். இரண்டு பேரும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்கள். நான்கு நாள் பஃபேயில் அவர்கள் சாப்பிட்டது எல்லாம் சேர்ந்தால்கூட அந்தக் கிண்ணத்துக்கு ஈடாகாது. டோக்கியோவில் குடியிருப்புப் பகுதி எங்கே போனாலும் இப்படி ஒரு பூங்கா நடக்கும் தூரத்தில் இருக்கிறது. உங்கள் அட்டவணையில் ஒரு பூங்காகூட இல்லை. மணல் தொட்டிக்கு டிக்கெட் கிடையாது, அதனால் அதை 'இன்க்ளூஷன்' பட்டியலில் போட முடியாது போல.

அங்கேயே இருந்தோம். ஐந்து மணிக்குத் தெருக்கம்பத்து ஒலிபெருக்கியில் ஒரு மெட்டு வந்தது. முதலில் பயந்துவிட்டோம், ஏதாவது பூகம்ப எச்சரிக்கையோ என்று. பேரிடர் அறிவிப்புக்காக ஊரெங்கும் வைத்திருக்கும் ஒலிபெருக்கிகளைத் தினமும் சாயங்காலம் இப்படி ஒரு பாட்டு போட்டுச் சோதிக்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது. பிள்ளைகளுக்கு அதுதான் வீட்டுக்குப் போகும் மணி. மெட்டு முடிவதற்குள் பூங்காவில் இருந்த சிறுவர்கள் பையை மாட்டிக்கொண்டு தனியாகவே கிளம்பினார்கள். ஆறேழு வயதுதான். என் மகன் அவர்களைப் பார்த்துவிட்டுத் தானும் தன் பையை மாட்டிக்கொண்டு நின்றான். "வாங்க, போகலாம்" என்றான். வீட்டில் விளையாட்டை நிறுத்தச் சொன்னால் அவன் போடும் ரகளை எனக்குத்தான் தெரியும்.

கழிப்பறை விஷயத்தைச் சொல்லாமல் விடக்கூடாது. பெரிய நிலையங்களிலும் கடைகளிலும் பெண்கள் கழிப்பறை அறைக்குள் சுவரில் ஒரு குட்டி இருக்கை பொருத்தியிருக்கிறார்கள். குழந்தையை அதில் உட்கார வைத்து பெல்ட்டைப் போட்டுவிட்டால் அம்மா நிம்மதியாகத் தன் வேலையைப் பார்க்கலாம். மகளைப் பெற்ற பிறகு இந்த இரண்டு வருஷத்தில் வெளியிடத்தில் நான் கதவைச் சாத்திக்கொண்டு, இரண்டு கையும் காலியாக இருந்தது அங்கேதான். டிபார்ட்மென்ட் ஸ்டோர்களில் பால் கொடுக்கத் தனி அறை, பால்மாவு கரைக்க வெந்நீர்க் குழாய். உங்கள் பஸ் நிற்கும் இடமோ, நாற்பது பேருக்கு நாலு கழிப்பறை உள்ள வாகன நிறுத்தம்.

ஆனால் குப்பைத் தொட்டி கிடைக்காது. 1995இல் சுரங்க ரயிலில் நடந்த சரின் நச்சுவாயுத் தாக்குதலுக்குப் பிறகு பொது இடங்களில் தொட்டிகளை எடுத்துவிட்டார்கள், பெரும்பாலும் திரும்பி வரவேயில்லை. அவரவர் குப்பையை அவரவர் வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டும். இதை யாரும் முன்கூட்டியே சொல்லாததால், அந்த இரண்டாம் நாள் அழுக்கு டயப்பர் மூன்றை, முறுக்கு கொண்டுபோன பையில் சுற்றி வைத்துக்கொண்டு அரண்மனை வாசலில் படம் எடுத்துக்கொண்டோம். படத்தில் நான் சிரிக்கவில்லை. உங்கள் வரவேற்புப் பையில் தொப்பியும் லக்கேஜ் டேக்கும் கொடுத்தீர்கள். நாலு வாசனைபோக்கிப் பிளாஸ்டிக் பைகள் கொடுத்திருக்கலாம். கூடவே, ஓட்டல் பெயரையும் முகவரியையும் ஜப்பானிய எழுத்தில் அச்சிட்ட ஒரு அட்டை, குழந்தையின் சட்டைப்பையில் வைக்க. தெருமுனைகளில் கோபன் என்ற காவல் சாவடிகள் இருக்கின்றன. தொலைந்த குழந்தையை யாராவது கொண்டுபோய் விடுவது அங்கேதான்.

நான்காம் நாள் டிஸ்னிலேண்ட். அதைப் பற்றி எனக்கு எந்தப் புகாரும் இல்லை, குழந்தைகளுக்கென்றே கட்டியது. (அது டோக்கியோவில் இல்லை, பக்கத்துச் சிபா மாகாணத்தில் இருக்கிறது என்பது வேறு விஷயம்.)

ஐந்தாம் நாள் காலை மெய்ஜி ஜிங்கு கோயில். நகரத்தின் நடுவே அவ்வளவு பெரிய காடு, 1920இல் கோயில் கட்டியபோது நட்டு வளர்த்த மரங்கள். அழகுதான். ஆனால் உள்ளே போகும் பாதை முழுக்கச் சரளைக்கல். குழந்தை வண்டியின் சின்னச் சக்கரம் சரளையில் புதையும், இழுத்தால் பக்கவாட்டில் சாயும். என் கணவர் வண்டியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார், நான் மகளைத் தூக்கிக்கொண்டேன். குழுவில் இருந்த வயதான ஒரு மாமா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. நாற்பது வருஷம் உழைத்துச் சேர்த்த காசில் வந்திருக்கிறார், எங்களுக்காகத் தினமும் இருபது நிமிடம் பஸ்ஸில் உட்கார வேண்டியிருக்கிறது. புதுமணத் தம்பதிகள், ஓய்வுபெற்றவர்கள், கைக்குழந்தைக்காரர்கள் எல்லோரையும் ஒரே பஸ்ஸில் அடைப்பதில் உங்களைத் தவிர யாருக்கும் லாபம் இல்லை.

அன்று மதியம் மறுபடியும் குழுவிலிருந்து கழன்றுகொண்டோம். டூர் மேனேஜர் இந்த முறை எதுவும் சொல்லவில்லை, கையை மட்டும் ஆட்டினார். மெட்ரோ ஏறி, ஓதெமாச்சியில் மாறி, தோஸாய் ரயிலில் கசாய் போனோம். அங்கே மேம்பாலத் தண்டவாளத்துக்கு அடியிலேயே ஒரு சுரங்க ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. கட்டணம் சொற்பம். ஆசியாவின் முதல் சுரங்க ரயில் 1927 டிசம்பரில் உவேனோவிலிருந்து அசகுசா வரை ஓடியது. அந்த மஞ்சள் பெட்டியை அப்படியே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். நாங்கள் மூன்று நாளுக்கு முன்னால் பஸ்ஸில் நெரிசலில் ஊர்ந்துபோன அதே தூரம்! ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து நெம்புகோலைத் திருப்பினால் திரையில் தண்டவாளம் ஓடும். மகன் நான்கு முறை வரிசையில் நின்றான்.

கசாய்க்கு ஒரு நிறுத்தம் முன்னால் நிஷிகசாய். இந்தியக் குடும்பங்கள் நிறைய வாழும் பகுதி, ஐ.டி. வேலைக்கு வந்து தங்கியவர்கள். மளிகைக் கடை உண்டு, இட்லி தோசை கிடைக்கும் உணவகம் உண்டு. கசாய் கடற்கரைப் பூங்காவில் 1989இல் திறந்த மீன் காட்சியகம் இருக்கிறது, வளையம்போலச் சுற்றிவரும் தொட்டியில் 2,200 டன் தண்ணீர், அதில் சூரை மீன்கள். புதன்கிழமை விடுமுறை. தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் வரை இலவசம். பக்கத்திலேயே 117 மீட்டர் ராட்டினம். இந்த ஒரு பகுதியை மட்டும் வைத்தே குழந்தைகளுக்கு ஒரு முழு நாள் போடலாம்: மீன், ராட்டினம், ரயில், இட்லி. ஒரு அட்டவணையிலாவது கசாய் என்ற பெயரைப் பார்த்தேனா என்றால், இல்லை.

நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள் என்று தெரியும். "மேடம், இடத்தைக் குறைத்தால் கஸ்டமர் பக்கத்துக் கம்பெனிக்குப் போய்விடுவார்." உண்மைதான். நானே அப்படித்தான் செய்தேன். பதினோரு இடம் போட்ட தாளும் பதினாறு இடம் போட்ட தாளும் மேசையில் இருந்தன, விலை ஒன்று. பதினாறைத்தான் எடுத்தேன். என் தப்புதான். ஆனால் நான் டோக்கியோவுக்குப் போனதில்லை, நீங்கள் போயிருக்கிறீர்கள். 'இரண்டு சிறு குழந்தைகள்' என்று படிவத்தில் எழுதிக் கொடுத்த அன்றே, "இது உங்களுக்குச் சரிப்படாது, வேறு மாதிரி பண்ணலாம்" என்று ஒருவர் சொல்லியிருந்தால் நான் கூடுதலாகவே கொடுத்திருப்பேன்.

அதனால் கேட்கிறேன். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தை உள்ள குடும்பங்களுக்கு மட்டும் தனியாக ஒரு குழு போடுங்கள். பஸ் வேண்டாம், ரயில் நிலையத்தின் லிஃப்டுக்குப் பக்கத்தில் ஓட்டல் பிடியுங்கள். அறை கொஞ்சம் பெரிதாக, இரண்டு சூட்கேஸையும் குழந்தை வண்டியையும் ஒரே நேரத்தில் விரிக்கிற அளவுக்காவது. காலை பத்து மணிக்குக் கிளம்பலாம், அதற்குள் ரயில் நெரிசலும் அடங்கியிருக்கும். ஒரு நாளைக்கு ஒரு பெரிய இடம், அது போதும். ஷிம்பாஷியிலிருந்து யூரிகாமோமேயில் ஏற்றிவிடுங்கள். ஓட்டுநர் இல்லாத ரயில், முன் இருக்கையில் உட்கார்ந்தால் ரெயின்போ பாலத்தில் தாங்களே ஓட்டுவதாகக் குழந்தைகள் நினைத்துக்கொள்வார்கள். அடுத்த ரயிலில் முன் இருக்கை கிடைக்கும் வரை காத்திருக்கவும் நேரம் விடுங்கள். ஃபூஜியை விருப்பமானவர்களுக்கு மட்டும் வையுங்கள். ஏப்ரல் கடைசியில் தொடங்கி மே ஐந்து வரை வரும் கோல்டன் வீக்கில் எங்களைக் கொண்டுபோய் இறக்காதீர்கள், அப்போது ஜப்பான் முழுக்க விடுமுறை, நம் பள்ளி விடுமுறையும் அதே நேரம் என்பதற்காக இரண்டு கூட்டத்தையும் மோதவிட வேண்டாம். எந்தக் கிழமையில் எது மூடியிருக்கும் என்று ஒரு தாளில் எழுதி உங்கள் அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள். திங்கட்கிழமைக்கு மட்டும் சிவப்பு மை.

உங்கள் மேனேஜர் தம்பியைத் திட்டாதீர்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். கடைசி நாள் விமான நிலையத்தில் என் மகனைக் கூப்பிட்டு, "ரயில் பாலம் எங்க இருக்கு, எனக்கும் சொல்லு" என்று கேட்டு, நிப்போரி என்ற பெயரைத் தன் போனில் எழுதிக்கொண்டார். அவர் ஐந்து வருஷமாக டோக்கியோ போய்வருகிறாராம், ஒரு தடவைகூட அங்கே ரயிலில் ஏறியதில்லையாம்.

கடைசியாக ஒன்று. அந்த ஒற்றை ஓட்டல் செருப்பு எங்கள் பெட்டியோடு ஊருக்கே வந்துவிட்டது. உங்கள் அடுத்த குழு எப்போது கிளம்புகிறது என்று சொன்னால் கொடுத்தனுப்புகிறேன்.

இப்படிக்கு,
இரண்டு குழந்தைகளின் அம்மா